வெள்ளைப் பசுவையும் சுண்டெலியையும் தந்த வாத்தியார்... கவிமணியின் கதை!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவோம். ஐந்தருவியில் குளித்து முடித்ததும் பசி வயிற்றைக் கிள்ளும். அடுத்து வண்டி எங்கே போகும்னு உங்களுக்கே தெரியும். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற பிரானூர் பார்டர்தான். புரோட்டா, சால்னா, நாட்டுக்கோழி என்று இலை நிறைந்துவிடும்.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு விஷயத்தை யோசித்திருக்கீங்களா? அந்த இடத்துக்கு ஏன் 'பார்டர்'னு பேர்? கேரள எல்லை அங்கே இல்லை. செங்கோட்டையைத் தாண்டி, புளியரையையும் தாண்டித்தான் கேரளம் வருகிறது. அப்புறம் இது எந்த பார்டர்?

இது பழைய பார்டர். 1956 நவம்பர் 1-ம் தேதி வரைக்கும் செங்கோட்டை தமிழ்நாட்டில் இல்லை. அதுவரை திருவிதாங்கூர் மன்னரின் நாடு, சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். குற்றாலமும் தென்காசியும் வெள்ளைக்காரர்களின் சென்னை மாகாணத்தில் இருந்தன. நடுவில் ஓடிய கோடுதான் 'பார்டர்'. செங்கோட்டைக்குள் நுழையும் இடத்தில் நிற்கிற பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னமும் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது தலையைத் தூக்கிப் பாருங்க.

அந்தச் சங்கு முத்திரை நாட்டின் இன்னொரு தமிழ் மூலையில், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், பிறந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பாட்டு உங்களுக்குக் கட்டாயம் தெரியும். தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பசு, அதைச் சுற்றித் துள்ளுகிற ஒரு கன்றுக்குட்டி. ராகம் இப்போதே மனசுக்குள் ஓடியிருக்குமே! எழுதியவர் பேர் சட்டென்று ஞாபகம் வருகிறதா? நம்மில் பலருக்கு வராது. அவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. சீசன் நேரத்தில்தான், ஜூலை 27-ம் தேதி, அவர் பிறந்தநாளும் வருகிறது.

பள்ளியில் கிடைக்காத தமிழ்

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூர் என்று ஒரு ஊர். பெரிய குளமும், அதைத் தேடி வருகிற பறவைகளுமாக இன்றைக்கும் அழகான ஊர். அங்கே 1876-ல் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மாளுக்கும் மூன்றாவது குழந்தையாகப் பிறந்தார் தேசிக விநாயகம். முதல் இரண்டும் அக்காக்கள். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார்.

வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மலையாளம். திருவிதாங்கூரில் அரசு நடந்தது மலையாளத்தில், பாடமும் அதில்தான். அம்மா தாலாட்டுவது ஒரு மொழியில், பலகையில் எழுதுவது இன்னொரு மொழியில். இன்றைக்கு வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்கிற நம் குழந்தைகளுக்கு இது ரொம்பப் பழக்கமான நிலைமைதான் இல்லையா?

அப்படியே விட்டிருந்தால் தமிழ் அவருக்குப் பேச்சோடு நின்றிருக்கும். ஊருக்கு அருகே வாணன்திட்டு என்ற இடத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தின் மடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் போய்த் தமிழ் கற்றுக்கொண்டார். செய்யுள் எழுதும் பழக்கமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் கிடைக்காத தமிழைத் தேடிப் போய் வாங்கிக்கொண்ட இந்தப் பையன்தான், பின்னாளில் தமிழ்ப் பள்ளிகளின் முதல் பக்கத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

36 வருட வாத்தியார் வேலை

திருவனந்தபுரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். 1901-ல் நாகர்கோவிலை அடுத்த புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையைத் திருமணம் செய்துகொண்டார். கோட்டாற்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியர், பிறகு நாகர்கோவிலில் ஆசிரியர்களுக்கே பயிற்சி தருகிற பள்ளியில் ஆசிரியர், அதற்குப் பிறகு திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் என 36 ஆண்டுகள் வகுப்பறையிலேயே கழிந்தன. 1931-ல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான புத்தேரியிலேயே குடியிருந்தார்.

இந்த 36 ஆண்டுகளை லேசாக நினைக்காதீங்க. ஐந்து வயதுக் குழந்தை எந்த இடத்தில் கொட்டாவி விடும், எந்தச் சொல்லில் நாக்கு இடறும், எதைக் கேட்டால் கண் விரியும்... இதெல்லாம் வகுப்பில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் தமிழ்க் குழந்தைக்கு என்ன கிடைத்தது? ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. எல்லாமே அருமையான நூல்கள்தான். ஆனால் எல்லாமே 'இதைச் செய், அதைச் செய்யாதே' வகை. புரிகிறதோ இல்லையோ, மனப்பாடம் செய்ய வேண்டும். வீட்டில் பாட்டிமார் பாடிய நிலாப் பாட்டும் காக்காய்ப் பாட்டும் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டன. பாரதியின் 'பாப்பா பாட்டு' 1915-ல் வந்தது. பாரதியைவிட ஆறு வயது மூத்தவரான தேசிக விநாயகம், அந்தப் பக்கம் தெற்கே உட்கார்ந்து, குழந்தைக்காகவே பாட்டுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் பசுவில் என்ன இருக்கிறது?

வெள்ளைப் பசு பாட்டை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. அதில் அறிவுரை ஏதாவது இருக்கிறதா? ஒன்றுமே கிடையாது. பசு நமக்குப் பால் தரும், ஆகவே அதைப் போற்றுவோம் என்றெல்லாம் பாடம் நடத்தவில்லை. ஒரு வரி அம்மாவுக்கு, அடுத்த வரி பிள்ளைக்கு. அம்மா கூப்பிடுகிறது, பிள்ளை ஓடி வருகிறது. அம்மா கொஞ்சுகிறது, பிள்ளை பால் குடிக்கிறது. இவ்வளவுதான் கதை. மூன்று வயதுக் குழந்தைக்கு உலகத்தில் இதைவிடப் பெரிய விஷயம் வேறு என்ன?

இன்னொன்றையும் கவனிங்க. வினைச்சொற்களை எல்லாம் வீட்டில் பேசுகிற மாதிரியே விட்டுவிட்டார். கல்வெட்டு படித்து ஆராய்ச்சி செய்தவர் அவர். காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவர், ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு உதவியவர். கடுந்தமிழ் எழுத அவரால் முடியாதா என்ன? குழந்தைக்கு எழுதும்போது அந்தப் புலமையை எல்லாம் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அடுத்தது அந்தச் சுண்டெலி. பாட்டி வீட்டில் ஒரு பழைய நெல் பானை. அதில் ஒரு ஓட்டை. ஒல்லியாக உள்ளே போன எலி, தின்று தின்று குண்டாகிவிடுகிறது. வந்த ஓட்டை வழியாக வெளியே போக முடியவில்லை. காலையில் பானை திறக்கிறது, எதிரே பூனை! இதில் கடைசியில் ஒரு நீதி உண்டு. ஆனால் அந்த நீதிக்கு முன்னாலேயே குழந்தை எலியின் வயிற்றைப் பார்த்துச் சிரித்துவிடுகிறது, பூனையைப் பார்த்துப் பயந்துவிடுகிறது. முதலில் கதை, பிறகுதான் பாடம்.

கூண்டுக்கிளிப் பாட்டு இன்னும் ஒரு படி மேலே. குழந்தை கிளியிடம் பாலும் பழமும் தருகிறேன், இங்கேயே இரு என்று கெஞ்சுகிறது. கிளி ஒத்துக்கொள்ளவில்லை. தின்னக் கொடுத்தாலும் கூண்டு கூண்டுதானே என்று குழந்தைக்கே புரிய வைக்கிறது. நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் பாட்டுக்குள் இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்திருக்கிறார். குழந்தைக்குப் பெரிய விஷயம் புரியாது என்று அவர் நினைக்கவே இல்லை. புரிகிற மாதிரி சொல்வது பெரியவர்கள் வேலை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

சொந்தப் பிள்ளை இல்லாதவர்

இத்தனை பாட்டு எழுதினவர் வீட்டில் எத்தனை குழந்தைகள் விளையாடினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா? கவிமணிக்கும் உமையம்மைக்கும் குழந்தை இல்லை. அக்காள் மகனைத் தன் மகன் போல வளர்த்தார்.

இதற்குள் ஒரு விசேஷம் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் அப்போது மருமக்கள் வழி என்ற முறை இருந்தது. ஒருவர் இறந்தால் சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். கணவர் கண்ணை மூடியதும் மனைவியும் குழந்தைகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். இந்தக் கொடுமையை அவர் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலில் பாட்டாகவே எழுதினார். பல மனைவிகளைக் கட்டிய ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வது மாதிரி அமைந்த நூல். படித்தால் சிரிப்பு வரும், கூடவே தொண்டை அடைக்கும். முதலில் இதழில் தொடராக வந்தது, 1942-ல் புத்தகமானது. இடையில் 1926-ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்து இந்த முறையை மாற்றியது. அதற்கான குரல்களில் இந்தப் பாட்டுக்கும் இடம் உண்டு.

மருமகனுக்குச் சொத்து போகிற முறையை எதிர்த்து எழுதியவர், தன் வீட்டில் அக்காள் மகனை மகனாக வளர்த்திருக்கிறார். சட்டம் வேற, பாசம் வேற. அவருடைய கோபமெல்லாம் பசியோடு நிற்கிற குழந்தைக்காக வந்த கோபம். 'மலரும் மாலையும்' தொகுப்பில் 'தீண்டாதார் விண்ணப்பம்' என்ற பாட்டும் இருக்கிறது. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குரல் அது. சின்னவர், எளியவர், ஒதுக்கப்பட்டவர் பக்கம்தான் அவர் பார்வை எப்போதும் போயிருக்கிறது.

பார்டர் தாண்டி வந்த பாட்டு

திருவிதாங்கூரின் தெற்கு மூலையில் எழுதப்பட்ட பாட்டுகள் எப்படி சென்னை வரைக்கும் போயின? இங்கேதான் நம்ம குற்றாலம் வருகிறது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. நெல்லையில் அவர் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' இலக்கியக் கூட்டம் பிரபலமானது. பின்னாளில் அவர் குற்றாலத்திலேயே தங்கிவிட்டார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவரைத் தேடி அங்கே வருவார்கள். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதை நூறு பேருக்குப் பாடிக் காட்டாமல் டி.கே.சி.யால் இருக்க முடியாது. அப்படி அவர் கொண்டாடிய கவிஞர்களில் தேசிக விநாயகம் பிள்ளை முக்கியமானவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள். பார்டருக்கு அந்தப் பக்கத்துக் கவிஞரை இந்தப் பக்கத்துக்கு அழைத்து வந்ததில் டி.கே.சி.க்குப் பெரிய பங்கு உண்டு.

அவருடைய பாட்டுகளின் பெரிய தொகுப்பான 'மலரும் மாலையும்' 1938-ல் வந்தபோது கவிஞருக்கு வயது 62. அதில் குழந்தைகளுக்கான பகுதிக்கு 'மழலை மொழி' என்று பேர். 1940 டிசம்பரில் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நடந்த விழாவில் 'கவிமணி' பட்டம் கிடைத்தது. தஞ்சாவூர் தமிழவேள் உமாமகேசுவரனார் அதை வழங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவிய 'ஆசிய ஜோதி'யும், உமர் கய்யாம் பாடல்களின் தமிழாக்கமும் வந்தன. 'ஆசிய ஜோதி'யில் கால் ஊனமான ஆட்டுக்குட்டியைப் புத்தர் தூக்கிக்கொண்டு போகிற காட்சியைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீங்க. மொழிபெயர்ப்புக்குப் போன இடத்திலும் அவர் கையில் ஒரு குட்டிதான்!

அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது. குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா, கவிமணியை வழிகாட்டியாக மதித்தவர். 1944-ல் வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' வந்தது. 1950-ல் அவர் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. இன்றைக்கு நாம் குழந்தைகளுக்கு வாங்கித் தருகிற தமிழ்ப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் வருகின்றன.

பார்க்காமலே போன நாள்

1954-ம் வருடம் இரண்டு நண்பர்களையும் கொண்டுபோனது. பிப்ரவரி 16-ல் டி.கே.சி. காலமானார். அதே வருடம் ஆகஸ்ட் 11-ல், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. செப்டம்பர் 26-ல் கவிமணி கண்ணை மூடினார். வயது 78.

இரண்டு வருடம் கழித்து, 1956 நவம்பர் 1-ல் தேரூர் இருக்கிற அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தன. அதே நாளில் செங்கோட்டையும் நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்தது. அவருடைய சொந்த மண் தமிழ்நாடான நாளைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் அவர் பாட்டு அதற்கு ரொம்ப முன்னாடியே அந்தக் கோட்டைத் தாண்டி வந்து, தமிழ்க் குழந்தைகளின் வாயில் உட்கார்ந்துவிட்டது.

உங்க வீட்டில் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

2005-ல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மரியாதை எல்லாம் கிடைத்திருக்கிறது. இப்போது இருக்கிற கேள்வி வேற. இன்றைக்கு இரண்டு வயதுக் குழந்தை கையில் செல்போன் இருக்கிறது. அதில் கண்ணைப் பறிக்கிற கலரில் பொம்மைகள் ஆடுகின்றன, ஆங்கிலத்தில் பாடுகின்றன. அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பொம்மை உங்கள் குழந்தை முகத்தைப் பார்த்துப் பாடாது. குழந்தை அடுத்த வரியைச் சொல்லும் வரை காத்திருக்கவும் காத்திருக்காது. கவிமணியின் பாட்டு அதற்காகவே எழுதின மாதிரி இருக்கிறது.

பசு பாட்டை இரண்டு பேராகப் பாடிப் பாருங்க. பசு வரி உங்களுக்கு, கன்றுக்குட்டி வரி குழந்தைக்கு. இரண்டு மூன்று நாளில் குழந்தை தன் வரியை நீங்கள் முடிக்கும் முன்பே பிடித்துவிடும். கொஞ்ச நாள் கழித்து, நான்தான் பசு என்று சண்டைக்கு வரும். வரட்டும், மாற்றிக் கொடுங்க.

நாலு, ஐந்து வயதுக்குச் சுண்டெலி சரியாக இருக்கும். பாட்டை ஒரே மூச்சில் முடிக்காமல், எலி குண்டான இடத்தில் நிறுத்தி, இனிமேல் என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்க. பானையை உடைக்கலாம், இரண்டு நாள் பட்டினி கிடந்து ஒல்லியாகலாம் என்று விதவிதமாக யோசனை வரும். நெல் பானையையே பார்த்திராத பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு சாக்கும் கிடைக்கும். தாத்தா பாட்டி பக்கத்தில் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்க. குதிர், பத்தாயம், குலுக்கை என்று கதை நீண்டுகொண்டே போகும்.

கூண்டுக்கிளியைப் பள்ளிக்குப் போகிற குழந்தையோடு படிக்கலாம். கிளி சொல்வது சரியா, குழந்தை சொல்வது சரியா என்று அவர்களிடமே விட்டுவிடுங்க. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இதற்குச் செலவும் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் படைப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிடும். கவிமணியின் பாட்டுகள் 2015-லிருந்து அப்படிப் பொதுச் சொத்து. 'மலரும் மாலையும்' மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புத்தகமாக வேண்டும் என்றால் மலிவுப் பதிப்புகளும் உண்டு. குழந்தை கைக்குப் புத்தகமாகக் கொடுப்பதுதான் நல்லது. பக்கம் கிழிந்தாலும் பரவாயில்லை.

பாடி முடித்ததும், இதை யார் எழுதினது என்று உங்கள் குழந்தை ஒருநாள் கட்டாயம் கேட்கும். அப்போது பழைய பாட்டு என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீங்க. தேரூர் என்று ஒரு ஊர், அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடைக்காத ஒரு பையன், அவன் பேர் தேசிக விநாயகம் என்று கதையை அங்கிருந்து ஆரம்பிங்க.